காலையில் மட்டும் தூக்காத பக்கெட்: மினி டிராக்டருடன் நான்கு வருடம்

கூடலூரில் இருக்கும் சித்தப்பா மகன் போன வாரம் போன் பண்ணினான். "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே வண்டி, முன்னாடி லோடரோட ஊட்டியில பழசு ஒண்ணு நிக்குது, வாங்கலாமா?" பாதிதான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

வண்டியில் குறையே இல்லை. கேத்தி பக்கம் எங்களுடையது படிப்படியான நிலம், கேரட்டும் உருளையும் போடுகிறோம், அந்தக் குறுகலில் நாலு சக்கரமும் இழுத்துக்கொண்டு மழைச் சேற்றிலும் ஏறிவிடும். டீசலும் அளவாகத்தான் குடிக்கிறது. என் வயிற்றெரிச்சல் எல்லாம் முன்னால் மாட்டிய லோடர்மேல்தான்; பம்ப் தள்ளும் ஆயிலின் அழுத்தத்தில் பக்கெட்டைத் தூக்கும் கை அது.

கீழேயிருந்து லாரியில் வரும் சாணி உரத்தை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள், அதை அள்ளித்தான் டிரெய்லரில் போட வேண்டும். இரண்டாவது வருடம் டிசம்பரில், புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில், பாதி நிறைந்த பக்கெட்டையே தூக்காமல் வண்டி முனகியது. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் அதே பக்கெட் நிறைய உரத்தோடு ஜம்மென்று எழும்பும்.

வந்த மெக்கானிக் பார்த்தவுடனே பக்கெட்டைத் தூக்கும் சிலிண்டரில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போயிருக்கும் என்றார். மாற்றினோம். ஒரு மாதம் கழித்து மறுபடியும் சீல். மூன்றாவது தடவை, பிரஷர் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வை இறுக்கிப் பிரஷரை ஏற்றப் பார்த்தார், அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிரஷரைக் காட்டும் கேஜ் மாட்டாமல் அதை இறுக்கினால் ஹோஸ் வெடிக்கும், பக்கத்தில் நிற்கிறவருக்கு ஆபத்து. கடைசியில் பம்ப்பையே மாற்றச் சொல்லி 18,000 ரூபாய் கணக்குக் காட்டினார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

காரணம், வண்டியே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. பம்ப்போ சீலோ தேய்ந்திருந்தால் ஆயில் சூடாகி இளக இளக உள்ளே கசிவு கூடும், மத்தியானம்தான் பலம் குறைய வேண்டும். எனக்கு நடந்தது நேர்மாறு. குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது பம்ப்புக்கு ஆயில் இழுக்க முடியவில்லை என்றுதானே அர்த்தம்? பக்கெட்டில் பாரத்தோடு பாதி உயரம் தூக்கி இன்ஜினை நிறுத்தி, சிலிண்டர் ராடில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் ஒரு விரல்கூட இறங்கவில்லை. (அந்த நேரம் பக்கெட்டுக்கு அடியில் யாரும் போகக் கூடாது, தயவுசெய்து.) அப்போ சீல் நன்றாகத்தான் இருக்கிறது. கடன் வாங்கிய கேஜை மாட்டினேன். காலையில் முள் 90-ஐத் தாண்டாமல் நடுங்கியது, மத்தியானம் 150-இல் அசையாமல் நின்றது. வேலை செய்துவிட்டு ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயிலில் நுரை. நுரை என்றால் எங்கோ காற்று உள்ளே போகிறது. அப்போ பம்ப்புக்கு ஆயில் வரும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வழியில் ஆயிலை வடிகட்டும் வலைதான் ஸ்ட்ரெய்னர். ஆயில் முழுவதையும் வடித்துத்தான் அதைக் கழற்ற முடியும், இந்த வண்டியில் அதை வைத்த இடம் அப்படி. வெளியே எடுத்துப் பார்த்தால் வலைக்கண் முழுக்க கறுப்புப் பசையும், லோடர் மாட்டும்போது குழாய் இணைப்பில் சுற்றிய டேப்பின் வெள்ளைத் துணுக்குகளும். சக்‌ஷன் குழாயின் (பம்ப் ஆயிலை இழுக்கும் குழாய்) ஓ-ரிங், அதாவது இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம், தட்டையாகிக் கல் மாதிரி இருந்தது. ஸ்ட்ரெய்னர் அடைத்ததால் பம்ப் வெறியோடு இழுக்க, ஆயிலுக்குப் பதில் அந்த ஓ-ரிங் வழியே காற்று வந்திருக்கிறது. வலையைக் கழுவி, ஓ-ரிங் மாற்றி, புத்தகத்தில் சொன்ன ஆயிலைப் புதிதாக ஊற்றினேன். மறுநாள் காலை ஆறரைக்கு நிறைந்த பக்கெட் எழும்பியபோது என் மனைவியை வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டுக் காட்டினேன்.

அதற்கப்புறம் இரண்டு குளிர்காலம் போய்விட்டது, பிரச்சினை இல்லை. இன்ஜினைப் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, பக்கெட்டை நாலைந்து தடவை வெறுமனே ஏற்றி இறக்கிவிட்டுத்தான் உரத்தில் கை வைக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு தம்பியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நல்ல வண்டிதான், நான் விற்கவும் மாட்டேன். ஆனால் ஒரு வலையைக் கழுவ மொத்த ஆயிலையும் வடிக்க வைக்கிற வண்டியை இன்னொருவனுக்குச் சிபாரிசு செய்ய மனசு வரவில்லை. அப்படியும் பார்த்தே தீருவேன் என்றால் காலை ஆறு மணிக்கே போய் நில், பானெட்டில் கை வைத்துப் பார், உனக்கு முன்னாடியே அவர்கள் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடு என்றேன்.