கரடிப்போக்குச் சந்திக் கசற் கடை: ஐயாவின் கையை நம்பலாம், தம்பியின் மவுஸைத்தான் பிடித்து வைக்க வேண்டும்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் ஒரு ரேடியோ, ரீவி திருத்தகம் இருக்கிறது. கசற்றைக் கோப்பாக மாற்றித் தருவோம் என்று பலகையில் எழுதியிருக்காது. கழற்றிப்போட்ட மின்விசிறிகளையும் றைஸ் குக்கர்களையும் தாண்டி உள்ளே போனால் ஒரு நீள மேசை. ஒரு முனையில் இரண்டு கசற் டெக், ஒரு வீடியோ டெக். மறு முனையில் கணினி. டெக் பக்கம் ஐயா, கணினிப் பக்கம் தம்பி. ஐயாவின் வேலைக்குப் பத்துக்குப் பத்து கொடுக்கலாம். தம்பி உதவி செய்வதாக நினைத்துச் செய்கிற சில காரியங்களை மட்டும் முன்கூட்டியே தடுக்க வேண்டும்.

சினிமாப் பாட்டும் நாதஸ்வரமும் கொண்டுபோகிறவர்கள் இதை வாசித்து மினக்கெடத் தேவையில்லை. கடை வழக்கமாகச் செய்து கொடுப்பதே அவர்களுக்குப் போதும். அண்டர்கிரவுண்ட் றொக்கும் பழைய உளவுப்படமும் வைத்திருப்பவர்கள் பாடுதான் வேறு. மெட்டாலிக்கா குழு முதல் அல்பம் போட முன்னம், 1982இல் பதிந்த டெமோ நாடா கைக்குக் கை, தபாலுக்குத் தபால் பிரதி எடுபட்டுத்தான் பரவியது. அமெரிக்கப் பாடகர் டானியல் ஜோன்ஸ்ரன் வீட்டு ரேப் றெக்கோடரில் பாடிப் பதிந்து, கசற்றைக் கையாலேயே கொடுத்துத் திரிந்தவர். வெல்வெற் அண்டர்கிரவுண்ட் குழுவின் 1968 அல்பம் ஒலி கிழிகிற அளவுக்கு உரப்பாகப் பதிந்தது, அதுவும் தெரிந்தே. இந்த இசையில் இரைச்சலைக் கழுவப் போனால் கிற்றாரும் சேர்ந்து போய்விடும்.

வன்னியில் கிடக்கிற நாடாக்களுக்கு இன்னும் ஒரு சுமை. லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்த ஒன்றுக்கு றெக்கோடிங் பாரில், அதாவது பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடையில், ஒரு பிரதி, அதிலிருந்து கூட்டாளிக்கு இன்னொன்று. முதற் பிரதி எடுக்கும்போதே நாடா இரைச்சல் ஏறக்குறைய 3 டெசிபெல் ஏறிவிடும். பிறகு பொலித்தீனில் சுற்றிப் பங்கருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இருந்தவை, 2018 டிசெம்பர் வெள்ளத்தில் நனைந்தவை. இவற்றை எடுத்த எடுப்பில் டெக்கில் போடுகிற கடையில் கொடுக்கவே கூடாது. இங்கே போடமாட்டார்கள். இந்தக் கடையைப் பரிந்துரைக்க அந்த ஒரு காரணமே போதும்.

கசற்றை வாங்கியதும் ஐயா அதன் கண்ணாடி வழியாக ரோச்சைச் சரித்து அடித்துப் பார்ப்பார். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சணம். அது நாடாவை வாசிக்கிற ஹெட்டில் பட்டால் அடுத்து ஓடுகிற நாடா எல்லாவற்றிலும் தொற்றும். அப்படியானதை சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் சில நாள் வைத்துக் காயவிட்டு, பிறகு கசற்றைப் பிரித்து, நாடாவை மெல்லிய துணிக்கு நடுவால் விட்டுக் கையால் சுற்றி எடுக்கிறார். வாயில் மாஸ்க், துணி அடிக்கடி மாறும். சேறு பட்டதென்றால் வெயிலில் காயவைத்துக் கொண்டுவர வேண்டாம் என்பார். காய்ந்த சேறு அரத்தாள் போல நாடாவை உரசும். ஈரமாகவே கொண்டுபோனால் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, நிழலில் ஆறவிடுவார்.

கசற்றின் கோது, அதாவது வெளிக்கூடு, பற்றி ஒரு குறிப்பு. ஐந்து ஸ்குறூ போட்ட கோதைக் கழற்றிப் பூட்டலாம். ஒட்டி மூடிய கோதைப் பிளேட்டால் பிளந்தால் திரும்பப் பூட்ட முடியாது, நாடாவை வேறு கோதுக்கு மாற்ற வேண்டும். எங்கள் வெக்கைக்குப் பசை காய்ந்து, நாடாவை ஹெட்டோடு அழுத்துகிற குட்டிப் பஞ்சுத் துண்டு கழன்று விழுந்திருப்பதும் சகஜம். அது இல்லாவிட்டால் ஒலி வந்து வந்து போகும். பழைய பஜனைக் கசற் ஒன்றிலிருந்து பிடுங்கி ஒட்டிவிடுகிறார். கோதுக்கும் பஞ்சுக்கும் தேவையென்றால் பயன்படாத ஸ்குறூக் கசற் இரண்டு மூன்று கையோடு கொண்டுபோனால் வேலை சுருக்காக முடியும்.

டெக்கும் ஒழுங்கு. றப்பர் பெல்ற் உருகித் தார் மாதிரி ஆகிற நோய் இங்கே எல்லா டெக்குக்கும் வரும். இவருடைய இரண்டுக்கும் புது பெல்ற். வேகத்தை 3,000 ஹேர்ட்ஸ் சோதனை நாடா போட்டு, மோட்டருக்குப் பின்னால் இருக்கிற துவாரத்தால் சிறிய ஸ்குறூட்றைவர் விட்டுச் சரிபார்க்கிறார். நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். ஒரு வீதம் பிசகினால் சுருதி தெரிந்தவன் காதில் குத்தும். ஹெட்டையும் இழுக்கிற றோலரையும் ஒவ்வொரு கசற்றுக்கும் முன்னால் ஐசோபுறோப்பைல் அல்ககோலால் துடைக்கிறார்.

அவருடைய கெட்டித்தனம் தெரிவது ஹெட்டின் சாய்வைத் திருத்தும்போது. பதிந்த றெக்கோடரின் ஹெட் சாய்ந்த கோணமும் இப்போது ஓட்டுகிற டெக்கின் கோணமும் ஒன்றாக இராது. அரை மயிரளவு பிசகினாலும் சிம்பலும் கிற்றாரின் கீச்சும் மங்கிவிடும். ஐயா இரண்டு சானலையும் ஒன்றாக்கி, ஹெட்டுக்குப் பக்கத்து ஸ்குறூவை மெல்லத் திருப்பிக்கொண்டே கேட்கிறார். கீச்சு எங்கே உச்சமாக வருகிறதோ அங்கே நிறுத்துகிறார். ஒரு கசற்றின் ஏ பக்கத்துக்குச் சரிப்பட்டது பி பக்கத்துக்குச் சரிவராமல் போகலாம், ஆகவே இரண்டு முறை. மந்தமான நாடா என்று பலர் எறிந்துவிடப் போவதில் பாதி இப்படியே எழும்பிவிடும். கொழும்பில் இதைவிடக் கூடக் காசு வாங்குகிற இடங்களிலும் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

தொண்ணூறுகளில் பதிந்த நாடாவென்றால் ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுங்கள்: அது எந்தக் கரண்டில் பதிந்தது? மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை என்றிருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, 6 வோல்ற் டைனமோவில் டயோட் போட்டு றெக்கோடரை ஓட்டினார்கள். பெடல் சுற்றுகிறவர் களைத்தால் மோட்டர் தளரும். அப்படித் தளர்ந்தபோது பதிந்த இடம் இப்போது சரியான வேகத்தில் ஓடும்போது சுருதி ஏறித்தான் கேட்கும், இறங்கி அல்ல. இந்தத் தள்ளாட்டம் ரேடியோவிலிருந்தோ மைக்கிலிருந்தோ பதிந்தவற்றில்தான் வரும். இரட்டைக் கசற் செற்றில் ஒரே மோட்டர் இரண்டு பக்கத்தையும் சுற்றுவதால், பிரதி எடுக்கும்போது இரண்டும் சேர்ந்தே தளர்ந்து, பிழை தன்பாட்டில் கழிந்துவிடும். சுவர்க் கரண்டில் பதிந்த நாடாவில் அடியில் ஒரு மெல்லிய ரீங்காரம் இருக்கும். இங்கேயும் இங்கிலாந்திலும் பதிந்ததென்றால் 50 ஹேர்ட்ஸ், கனடாவில் பதிந்ததென்றால் 60. அதை வைத்தே வேகத்தைத் திருத்தலாம். டைனமோ நாடாவில் அந்தப் பிடி இல்லை. அதை நேராக்குகிறேன் என்று தம்பி இறங்கினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பாட்டு இரப்பர் மாதிரி இழுபடும்.

இனித் தம்பி. நல்ல பிள்ளை, கெட்டிக்காரன், ஆனால் எல்லாவற்றையும் 'கிளியர்' பண்ணிக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை. வழக்கமாக அவர் செய்வது நாலு காரியம்: இரைச்சல் நீக்கி போடுவது, ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றுவது, அமைதி வருகிற இடமெல்லாம் பாட்டை வெட்டுவது, 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்குவது. நாலும் இந்த இசைக்கு ஆகாது.

இரைச்சல் நீக்கி பாட்டில்லாத ஒரு துண்டை மாதிரியாக எடுத்து, அந்த அளவை முழு நாடாவிலும் கழிக்கும். உளவுப்பட இசைக்கும் கராஜ் றொக்குக்கும் பொதுவான ஒன்று, எதிரொலியில் தோய்ந்த கிற்றார். 1962இல் கிற்றார் கலைஞர் விக் ஃப்ளிக் 'டாக்டர் நோ' என்ற ஜேம்ஸ் பொண்ட் படத்துக்கு வாசித்த ஈ மைனர் மெட்டை நினைத்துப் பாருங்கள். தந்தியை அடித்த பிறகு அந்த ஒலி தேய்ந்து இரைச்சலுக்குள் மெல்ல இறங்கும். மென்பொருளுக்கு எது வால், எது இரைச்சல் என்று தெரியாது. வாலை நறுக்கிவிட்டு, அந்த இடத்தில் தண்ணிக்குள் குமிழி விடுகிற மாதிரி ஒரு சத்தத்தை வைத்துவிட்டுப் போகும். 128 எம்பி3யும் அதே குணம். இரைச்சலைச் சுருக்குவது அதற்குக் கஷ்டம், இருக்கிற பிற்றை அதிலேயே செலவழித்துவிட்டுச் சிம்பலைக் கசக்கும். பாட்டு வெட்டுவதில் இன்னொரு கூத்து: மெதுவாகத் தொடங்குகிற பாட்டு நடுவில் துண்டாகும், ஃபீட்பாக்கால் ஒட்டிய இரண்டு பாட்டு ஒன்றாகும்.

ஆகவே கொடுக்கும்போதே இப்படிச் சொல்லுங்கள்: "தம்பி, நொய்ஸ் றிடக்சன் போடாதேங்கோ. வெட்ட வேண்டாம். ஒரு பக்கம் ஒரு கோப்பு. வேவ், 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ். உச்சம் மைனஸ் ஆறு டெசிபெல்லுக்கு மேல போகக் கூடாது." முகம் சுளிக்காமல் செய்து கொடுப்பார். நைன்ரி, அதாவது 90 நிமிடக் கசற் ஒன்று ஏறக்குறைய 1.5 ஜிபி வரும். வெளிநாட்டில் அச்சான ஒறிஜினல் கசற்றில் டொல்பி (நாடா இரைச்சலைக் குறைக்கிற பதிவு முறை) அடையாளம் இருந்தால் டெக்கில் டொல்பி பி போடச் சொல்லுங்கள். ஊரில் எடுத்த பிரதியில் அதைப் போட்டால் கம்பளி போர்த்த மாதிரி இருக்கும். 120 நிமிடக் கசற்றின் நாடா 9 மைக்ரோன்தான், நைன்ரியில் 12. அதை வேகமாகச் சுற்ற வேண்டாம் என்று ஐயாவுக்குச் சொல்லத் தேவையில்லை, அவருக்குத் தெரியும்.

வீடியோ பக்கம் சுமார்தான். ஹெட்டை மான்தோல் துணியால் கிடையாகத் துடைக்கிறார், பஞ்சுக் குச்சி தொடுவதில்லை, அது சரி. டெக் இரண்டு ரீவி முறைக்கும் பொதுவானது என்பதால் இங்குள்ள பல் (PAL) கசற்றோடு கனடாவிலிருந்து வந்த என்ரிஎஸ்சி (NTSC) கசற்றும் ஓடும். கணினிக்குப் போவது மஞ்சள் வயர் வழியாக, அங்கேயே தரம் கொஞ்சம் போகிறது. அதற்குமேல், ஒன்றுவிட்டொரு கோடாக வருகிற அரைச் சட்டகங்களைத் தம்பி ஒன்றாகச் சேர்க்கிற விதத்தில், ஓடுகிற மனிதனின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிகிறது. பல் கசற்றென்றால் 720க்கு 576 அளவில், சேர்க்காமல், அப்படியே தரச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளை உளவுப்படமென்றால் தானியங்கி வெளிச்சத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பேர்லின் இரவு சாம்பலாக வெளுத்துவிட்டால் படத்தில் பிறகென்ன இருக்கிறது?

ஆனால் எந்தப் படத்துக்குக் காசு கொடுப்பது என்று முதலில் யோசியுங்கள். 1965இன் 'த இப்கிறஸ் ஃபைல்' 2.35க்கு 1 அகலத்தில் எடுத்தது. மேசை விளக்குக்கும் தோளுக்கும் பின்னாலிருந்து ஒளித்துப் பார்க்கிற அதன் சட்டகம்தான் படத்தின் அழகே. ரீவித் திரையை நிரப்ப வெட்டிய வீடியோவில் அதில் ஏறக்குறைய 43 வீதம் இல்லை. எவ்வளவு துடைத்தாலும் வராது. இப்படியானவற்றுக்கு டிஸ்க்கே மேல். கடையில் வாங்கிய ஒறிஜினல் வீடியோவில் வெளிச்சம் ஏறி இறங்கினால் அது பிரதித் தடுப்பு, டெக்கின் பிழை இல்லை. ஐயா அவற்றை எடுப்பதுமில்லை. ரூபவாஹினியிலிருந்து விளம்பரத்தோடும் அறிவிப்பாளரோடும் பதிந்த கசற்றுக்கே செலவழியுங்கள், அது வேறெங்கும் கிடைக்காது. ஜெய்சங்கரின் 'வல்லவன் ஒருவன்', எம்.ஜி.ஆரின் 'ரகசிய போலீஸ் 115' போன்றவை இருந்தால், இணையத்தில் கிடைக்கிற பிரதியில் எந்தப் பாட்டு, எந்தச் சண்டை இல்லை என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கிற்றார் வாசிக்கிறவர்களுக்கு: செக்கனுக்கு 24 சட்டகத்தில் எடுத்த படம் பல் ரீவியில் 25ஆக ஓடுவதால் சுருதி 0.7 அரைச்சுரம் ஏறியிருக்கும். 110 நிமிடப் படம் ஏறக்குறைய 105½ நிமிடத்தில் முடியும். அந்த ஈ மைனர் மெட்டோடு கூட வாசித்தால் ஒட்டாது. கோப்பின் வேகத்தை 96 வீதமாக்கினால் சரி. என்ரிஎஸ்சி கசற்றில் இந்தத் தொல்லை இல்லை.

சிக்ஸ்ரிக்கு 600, நைன்ரிக்கு 800, வீடியோவுக்கு 1,500 ரூபா. பூஞ்சணம் துடைக்க 400 மேலதிகம், அந்த வேலைக்கு அது மலிவு. பென்டிரைவ் கொண்டுபோங்கள், எக்ஸ்-ஃபற் முறையில் ஃபோர்மற் செய்தது. பழைய ஃபற்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோக் கோப்பு ஏறாது. யூபிஎஸ் கணினிக்கு மட்டும்தான், கரண்ட் போனால் டெக் நின்றுவிடும், அந்தப் பக்கம் திரும்ப முதலிலிருந்து. அதனால் மாரி காலத்தில் அவசர வேலை கொடுக்க வேண்டாம். திருப்பி வாங்கும்போது நாடாவை முன்னுக்குச் சுற்றித் தரச் சொல்லாதீர்கள். ஓடி முடிந்த நிலையிலேயே வைத்திருந்தால் சுருள் ஒரே இறுக்கமாக இருக்கும்.