நண்பன் கல்யாணத்தை எங்கள் ஊர் வீட்டில் நடத்தினோம்

சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் நண்பனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த அவன் தாத்தா வீடு கைமாறிவிட்டது. அப்பா அம்மா சென்னையில் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். பெண் வீடு மதுரை. மண்டபம் தேடிக்கொண்டிருந்தவனிடம், "எங்க ஊர் வீடு பூட்டித்தானே கிடக்கு, அங்கேயே வச்சுக்கோ" என்றேன். செட்டிநாட்டில், காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவில் ஒரு கிராமம். தை மாதம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இதேபோல் யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

செட்டிநாட்டு வீடு ஒருத்தர் சொத்து கிடையாது. வளவு என்கிற உள்முற்றப் பகுதியைச் சுற்றியுள்ள அறைகளில் ஒவ்வொரு பங்காளிக்கும் பாத்தியதை உண்டு. சென்னை, கோவை, கோலாலம்பூர் என்று சிதறிக் கிடக்கிற எல்லோரிடமும் போனில் பேசினேன். மூத்தவரான பெரியப்பாவிடம் கடைசியாகக் கேட்டேன். "கட்டினதே நாலு கல்யாணம் நடக்கத்தானேப்பா. பூட்டின அறையைத் திறக்காதே. சாமி அறையில விளக்கேத்திட்டு ஆரம்பி" என்றார். யாராவது ஒருத்தர் முகம் சுளித்திருந்தாலும் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டிருப்பேன். பங்காளிகளின் மனசுக்கு முன்னால் மற்றதெல்லாம் சின்ன விஷயம்.

பெரியப்பா சொன்னது எவ்வளவு சரி என்பது வேலை தொடங்கியதும் தெரிந்தது. முகப்புத் திண்ணையில் வரவேற்பு. வளவு முற்றத்தில் மணமேடை, அதைச் சுற்றிய தாழ்வாரத்தில் சனம். அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டில் பந்தி, அதற்கும் பின்னால் அடுப்படி. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதால், விருந்தாளி கார்கள் முன்வாசலிலும் காய்கறி வண்டியும் விறகும் பின்வாசலிலும் வந்தன. இரண்டும் மோதிக்கொள்ளவே இல்லை. லட்சக்கணக்கில் வாடகை கேட்கிற மண்டபங்களில் எனக்கு இந்த வசதி கிடைத்ததில்லை.

அலங்காரத்துக்கு முதலில் ஒரு பெருநகர நிறுவனத்தைப் பேசியிருந்தோம். வந்த பையன்களில் ஒருவர் ஏணியில் ஏறி, முகப்பில் இருக்கும் பர்மா தேக்குத் தூணில் ஆணி வைத்து ஓங்கப் போனார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "துணி கட்ட ஆணி இல்லாம முடியாது சார்" என்பதுதான் அவர்கள் பதில். கணக்கை முடித்து அனுப்பிவிட்டு ஊர்ப் பந்தல்காரரைக் கூப்பிட்டோம். அவர் தூணுக்குப் பழைய வேட்டியைச் சுற்றி, அதற்கு மேல் கயிறு போட்டு இறுக்கினார். வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், முற்றத்துக்கு மேல் வெள்ளைத் துணி, அவ்வளவுதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நாற்காலி இழுபடாமல் இருக்க, ஒவ்வொரு காலுக்கும் சாக்கைக் கிழித்துக் கட்டினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "இதே வளவுலதான் உங்க அத்தை கல்யாணத்துக்கு எங்கப்பா பந்தல் போட்டாரு தம்பி" என்றார். பழைய வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்த வீட்டை அறிந்த ஆட்களையே தேடுங்கள்.

சமையலுக்கும் உள்ளூர் ஆள்தான். முகூர்த்த நாள் என்றால் நல்ல சமையல்காரர்களை ஆறு மாதம் முன்பே பேசிவிடுகிறார்கள். தேதி குறித்த அன்றே முன்பணம் கொடுத்துவிடுவது நல்லது. எங்கள் மாஸ்டர் மஞ்சள் தூள் முதல் வாழை இலை வரை சாமான் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, நாமே வாங்கித் தரவேண்டும் என்றார். அதில் ஒரு நன்மை உண்டு, எண்ணெயும் நெய்யும் எந்தத் தரம் என்று நமக்குத் தெரியும். காலைப் பலகாரத்தில் இட்லி, இடியாப்பத்தோடு வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி. மத்தியானம் மொச்சை போட்ட மண்டி, அரிசி கழுவிய தண்ணீரில் புளி விட்டுச் செய்கிற குழம்பு. பணியாரத்தை அவர் ஊற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு கரண்டி மாவு எண்ணெயில் விழுந்ததும் அமுங்கி, உப்பி எழும். நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். முந்நூறு பேருக்கும் அதே வெள்ளை, அதே மென்மை. மதுரைச் சம்பந்திகள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

2019 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுத்தோம். கழுவ இரண்டு பேர் கூடுதல் சம்பளம், அதோடு சரி.

கழிப்பறைதான் உண்மையான பிரச்சினை. இத்தனை பெரிய வீட்டில் ஏற்கெனவே இருப்பது இரண்டே இரண்டு. நடமாடும் கழிப்பறை வண்டி வரவழைத்துக் கொல்லைப் பக்கம் நிறுத்தினோம். கிணறு இருந்தும் தண்ணீர் லாரி சொல்லிவைத்தோம். அப்புறம் மின்சாரம்: மின்வாரிய அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுத்தோம், தயங்காமல் செய்து கொடுத்தார்கள். இருந்தாலும் ஜெனரேட்டர் வேண்டும், பழைய வயரிங்கை எலக்ட்ரீஷியன் முதலில் பார்த்தாக வேண்டும்.

சென்னையில் இருந்து வந்தவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் தோது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அன்றைக்கே போட்டுவிடச் சொல்லுங்கள். சிங்கப்பூர் ஆட்கள் நேராகத் திருச்சியில் இறங்கினார்கள். 2024இல் திறந்த புது முனையம் விசாலமாக இருக்கிறது, அங்கிருந்து ஊருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் விருந்தாளிகள் வீட்டில் தங்கினால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்கும் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும், முன்பு 'படிவம் சி' என்று சொன்னது. ஹோட்டலுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், வீட்டுக்கும் உண்டு. எங்கள் அலுவலக நண்பர்களுக்கு வந்த அன்றே பதிந்தேன்.

பணத்துக்கு அலைச்சல் இல்லை. வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கோடு சிங்கப்பூர் நம்பரையே இணைத்து யுபிஐ பயன்படுத்தலாம். பூக்காரம்மாவுக்கும் அப்படித்தான் கொடுத்தேன். மேளக்காரர்களுக்கு மட்டும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ரொக்கமாக வைத்தோம். அதுதான் மரியாதை.

கல்யாணத்தைப் பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி பதிவு கட்டாயம், 90 நாள் அவகாசம் இருக்கிறது. ஆனால் பெண்ணைச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போக அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பதே திருமணச் சான்றிதழைத்தான். இணையத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு சார்பதிவாளர் அலுவலகம் போனோம். மண்டப ரசீது எங்கே என்றார்கள். வீட்டில் நடந்ததைச் சொல்லி, வீட்டு முகவரி அச்சிட்ட அழைப்பிதழையும் நடத்திவைத்த ஐயரின் கையெழுத்தையும் காட்டியதும் ஏற்றுக்கொண்டார்கள். பத்திரிகை அடிக்கும்போதே கதவு எண்ணோடு முழு முகவரி போட்டுவிடுங்கள். பெயர் எழுத்து இரண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் உள்ளபடியே இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பு ஒருமுறை படித்துப் பாருங்கள்.