ஷெவெலின் பின்சக்கரம் துள்ளாமல் தரையைப் பிடிக்க: எது நிலைத்தது, எதைக் கழற்ற வேண்டிவந்தது

1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454, எல்எஸ்6 எஞ்சினோடு வந்தபோது அறிவிக்கப்பட்ட கணக்கு 450 குதிரைத்திறன், 500 பவுண்டு-அடி டார்க். அவ்வளவையும் தரைக்குக் கடத்த இருந்தவை இரண்டு எஃப்70-14 டயர்கள். இன்று அந்த இடத்தில் 255/60 ஆர்15 ரேடியல் போட்டாலும், பழைய புஷ்களோடு (இணைப்பு முனைகளில் இருக்கும் ரப்பர் உருளைகள்) முதல் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்பக்கம் தடதடவென்று அடிக்கும். அதுதான் வீல் ஹாப். சும்மா வழுக்கிச் சுழலும் டயர் ரப்பரைத்தான் தின்னும். துள்ளும் டயர் ஆக்சில் ஷாஃப்ட்டையும் கிரவுன் பினியனையும் யுனிவர்சல் ஜாயின்ட்டையும் தின்றுவிடும்.

இங்கே சொல்வது 1968 முதல் 1972 வரையிலான இரண்டு கதவு ஷெவெலுக்கு, அதாவது 112 அங்குல வீல்பேஸ் வண்டிக்கு. பெரும்பாலும் சாலையில் ஓடும், அவ்வப்போது கால் மைல் டிராக்குக்குப் போகும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காலத்து பான்டியாக் ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ், பியூக் ஸ்கைலார்க் ஆகியவற்றுக்கும் அமைப்பு இதுவே. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பல ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகும் பலன் தந்தவை பெட்டியாக மூடிய கீழ் ஆர்ம்கள் (பின் ஆக்சிலை ஃபிரேமோடு இணைக்கும் நாலு கைகளில் கீழுள்ள இரண்டு), ஆக்சில் மேல் காதுகளில் புது ரப்பர் புஷ், கெடுக்கப்படாத வண்டி உயரம், பின் ஸ்பிரிங்குகளுக்குள் காற்றுப் பைகள், வலதில் கூடுதல் காற்றோடு. எட்டு முனைகளிலும் பாலியூரித்தேன் புஷ் போட்டவர்கள்தான் பிறகு கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. கீழே இரண்டு ஆர்ம்கள் ஆக்சிலை முன்பின் நகராமல் பிடித்து, அதன் தள்ளலை உடலுக்குக் கடத்துகின்றன. மேலே இரண்டு ஆர்ம்கள், முன்னால் ஃபிரேமில் விரிந்தும் பின்னால் டிஃபரன்ஷியலின் மேல் நெருங்கியும், சாய்வாக நிற்கின்றன. ஆக்சில் உருளாமல் தடுப்பதும் பக்கவாட்டில் நகராமல் தடுப்பதும் இந்த மேல் ஆர்ம்களின் வேலை. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது நாலு ஆர்ம்களும் தம் அச்சில் கொஞ்சம் முறுக வேண்டும். அந்த முறுக்கத்தை ரப்பர் விட்டுக்கொடுக்கும், பாலியூரித்தேன் கொடுக்காது. எல்லா முனையும் இறுகிவிட்டால் பின்பக்கம் முழுவதும் தடித்த ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) போல விறைத்துவிடும். நேர்கோட்டில் அது நன்றாகவே தோன்றும். மழை நாளில் வளைவொன்றில் ஆக்சிலேட்டரைத் தொட்டால்தான் தெரியும்: முன்னறிவிப்பில்லாமல் வால் விலகும். பிடிமானம் வேண்டுமென்றால் ஆக்சில் உருளாமல் இருக்க வேண்டும், அதே சமயம் மேலும் கீழும் தடையின்றி ஆடவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்காமல் வெறும் விறைப்பை வாங்குவதுதான் இந்த வண்டிகளில் அதிகம் நடக்கும் தவறு.

பாகம் வாங்குவதற்கு முன் லிமிட்டட் ஸ்லிப் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் டிஃபரன்ஷியல்) வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒற்றைச் சக்கரம் மட்டும் கோடு போடும் வண்டிக்கு எந்த ஆர்மும் மருந்தாகாது.

கீழ் ஆர்ம்கள். கம்பெனி ஆர்ம் ஒரு பக்கம் திறந்த, அழுத்தி வடித்த தகடு. இழுவையில் அது வளைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதிதாகக் குழாய் ஆர்ம் வாங்கலாம், அல்லது இருப்பதையே பெட்டியாக மூடலாம். மூடுவதாக இருந்தால் முதலில் புஷ்களைக் கழற்றிவிடுங்கள், வெல்டிங் சூட்டில் ரப்பர் கருகிவிடும். கால் அங்குலம் தேவையில்லை. 1/8 அங்குலத் தகடு போதும். இரண்டு புஷ் துளைகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு, ஆர்மை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, இருபுறமும் மாறிமாறி ஒரு அங்குலப் புள்ளிகளாக வெல்டு வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளைப் பிறகு நிரப்ப வேண்டும். ஒரே மூச்சில் நீளமாக ஓட்டினால் ஆர்ம் வாழைப்பழம் போல வளையும். அதை மாட்டினால் ஆக்சில் கோணலாக உட்காரும். கம்பெனி பின் ஆன்டி-ரோல் பார் இந்தக் கீழ் ஆர்ம்களில்தான் போல்ட்டாகிறது. திறந்த ஆர்மில் அந்த பாரை மாட்டக் கூடாது, துளையைச் சுற்றித் தகடு கிழியும்.

மேல் ஆர்ம்களில் ஃபிரேம் பக்கம் ரப்பரோ, கோளமாகச் சுழலும் ஜாயின்ட்டோ இருக்கலாம். ஆக்சில் பக்கம், டிஃபரன்ஷியலின் இரண்டு காதுகளில் இருக்கும் புஷ் புது ரப்பராகவே இருக்கட்டும். அந்தக் காதுகள் வார்ப்பிரும்பு. பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து எடுக்கப் போய்க் காது விரிசல்விட்டால் பிறகு வேறு ஹவுசிங்தான் தேட வேண்டும். நீளத் திருகுத் தண்டு, ஒரு பக்கம் அகலமான குழாய்த்துண்டு, மறுபக்கம் புஷ்ஷின் வெளிவட்ட அளவில் ஒரு வளையம்: இவற்றைக் கொண்டு நட்டை இறுக்கி இறுக்கி வெளியே இழுங்கள். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மாட்டும்போது ஃபிரேமின் கீழ் ஸ்டாண்டு, டிஃபரன்ஷியலின் கீழ் ஜாக்கி, முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. ஒரு நேரத்தில் ஒரு ஆர்மை மட்டும் கழற்றுங்கள். மேல் ஆர்ம் இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் பினியன் மூக்கு (டிஃபரன்ஷியலின் முன்முனை) தொங்கி, நடுவிலுள்ள பிரேக் ஹோஸை இழுத்துவிடும். போல்ட்டுகளை வெறும் கையிறுக்கத்தில் விட்டு, வண்டியை நாலு டயரிலும் நிறுத்தி, இரண்டு பக்கமும் அழுத்தி ஆட்டி, அதன் சொந்த உயரத்துக்கு வந்த பிறகுதான் கடைசி இறுக்கம். ஆக்சில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையில் நிற்கும். புது புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும், பின்பக்க உயரமும் தவறாக வரும். நூறு மைல் ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கி, நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே ஒரு வெள்ளை பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை கோடு பிசகியிருந்தால் குனிந்து பார்த்ததுமே தெரியும்.

நீளம் மாற்றக்கூடிய மேல் ஆர்ம் என்றால் பினியன் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். ஆர்மை நீட்டினால் பினியன் மூக்கு மேலே போகும், சுருக்கினால் கீழே வரும். இரண்டு பக்கமும் ஒரே சுற்று எண்ணிக்கை. ஓட்டுநர் எடையை இருக்கையில் வைத்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் ஒருமுறை, பினியன் யோக்கில் ஒருமுறை கோணமானியை வையுங்கள். ரப்பர் புஷ் இருக்கும் சாலை வண்டிக்கு ஷாஃப்ட்டைவிடப் பினியன் 2 முதல் 3 டிகிரி கீழே பார்த்தால் நன்று. இழுவையில் ரப்பர் அமுங்கும்போது மூக்கு மேலே ஏறி ஏறக்குறைய நேராகிவிடும். கோணம் தவறினால் 60 மைல் வேகத்துக்கு மேல் வண்டியின் தரைத்தகட்டில் ஒரு முனகல் கேட்கும்.

அடுத்து வடிவக் கணக்கு. இதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கலாம். பக்கவாட்டில் நின்று பார்த்து, நாலு போல்ட் மையங்களின் தரை உயரத்தையும், பின் ஆக்சிலிலிருந்து அவற்றின் தூரத்தையும் அளந்து, கட்டமிட்ட தாளில் பத்தில் ஒரு பங்காக வரையுங்கள். மேல் ஆர்ம் கோட்டையும் கீழ் ஆர்ம் கோட்டையும் முன்னோக்கி நீட்டினால் ஒரு புள்ளியில் சந்திக்கும். வண்டியைத் தள்ளும் விசை அந்தப் புள்ளி வழியேதான் உடலுக்குப் போகிறது. வண்டியின் எடை மையம் 22 அங்குல உயரம் என்று வைத்துக்கொண்டால், பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து முன் ஆக்சிலுக்கு மேல் 22 அங்குலம் வரை ஒரு கோடு இழுங்கள். சந்திப்புப் புள்ளி அந்தக் கோட்டிலேயே விழுந்தால் ஆன்டி-ஸ்க்வாட் (பின்பக்கம் குந்துவதைத் தடுக்கும் அளவு) 100 சதவீதம். புள்ளி 50 அங்குலம் முன்னால் இருந்தால் அதன் உயரம் 9.8 அங்குலம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் புறப்படும்போது பின்பக்கம் குந்தும். மேலே என்றால் பின்பக்கம் எழும்பி, டயரைத் தரையில் அடிக்கும்.

அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டி 2 அங்குலம் தாழ்த்திய வண்டிகள் துள்ளுவதற்குக் காரணம் இந்தத் தாளில் பளிச்சென்று தெரியும். கீழ் ஆர்மின் முன்முனை பின்முனையைவிடத் தாழ்ந்துவிடுகிறது. அப்போது ஆக்சில் முன்னோக்கித் தள்ளும் விசையில் ஒரு பகுதி உடலைக் கீழே இழுக்கிறது. பழைய உயரத்துக்கே திரும்பினால் பல வண்டிகளில் துள்ளல் பாதி அடங்கிவிடும், அதற்கு ஒரு ஜோடி சரியான ஸ்பிரிங் போதும். முடியாதென்றால் மேல் ஆர்மின் பின்முனையை ஆக்சிலில் ஏறக்குறைய 2 அங்குலம் உயர்த்தும் நோ-ஹாப் பார் ஒரு வழி. டிராக்கில் அதன் பலன் உடனே தெரியும். ஆனால் சாலையில் ஓங்கி பிரேக் பிடிக்கும்போது அதே வடிவம் எதிர்த்திசையில் வேலைசெய்து, உடலைக் கீழே இழுத்து, பின் டயரின் அழுத்தத்தைக் குறைத்து, ஆக்சிலைத் துள்ள வைக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு எங்கள் வாக்கு இதற்கு இல்லை. போட்டே தீர வேண்டுமென்றால் ஆர்ம் தரைத்தகட்டில் இடிக்கிறதா என்று ஜாக்கியால் ஆக்சிலை முழுக்க ஏற்றிப் பாருங்கள், பினியன் கோணத்தையும் மறுபடி அளங்கள்.

காற்றுப் பை இந்த வேலைகளிலேயே மலிவானது, பலனும் நிறைய. புறப்படும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு ஆக்சிலின் வலது சக்கரத்தைத் தூக்கி, இடதைத் தரையில் அழுத்துகிறது. வலது ஸ்பிரிங்குக்குள் கூடுதல் காற்று இருந்தால் அது ஈடாகிவிடும். ஏர் லிஃப்ட் 1000 வகைப் பைக்குக் குறைந்தது 5 பி.எஸ்.ஐ., அதிகபட்சம் 35. காற்றே இல்லாமல் ஓட்டினால் பை மடங்கி ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே கிள்ளப்பட்டு ஓட்டையாகும். இடதில் 5, வலதில் 12 என்று தொடங்கி, இரண்டிரண்டாகக் கூட்டுங்கள். எங்கே நிறுத்துவது என்பதைத் தரையே சொல்லும்: புறப்பட்ட இடத்துக்கு நடந்துபோய் இரண்டு கறுப்புத் தடங்களையும் பாருங்கள். வலது தடம் மங்கலாக, நீளமாக, விட்டுவிட்டு இருந்தால் இன்னும் காற்று வேண்டும். இரண்டும் ஒரே கறுப்பில், ஒரே இடத்தில் முடிந்தால் போதும். இரண்டு பைக்கும் தனித்தனி வால்வு அவசியம். டி ஜாயின்ட் போட்டு ஒரே வால்வில் இணைத்தால் காற்று வலதிலிருந்து இடதுக்கு ஓடிவிடும், போட்ட நோக்கமே போய்விடும். குழாய் சைலன்சரிலிருந்து 6 அங்குலமாவது தள்ளிப் போகட்டும். இந்தப் பைகள் செத்ததெல்லாம் பெரும்பாலும் உருகிய குழாயால்தான்.

ஷாக் அப்சார்பரைக் கடைசியில் பாருங்கள். டயர் ஒரு கணம் பிடித்துவிட்டு உடனே வழுக்கினால் பின்பக்கம் மிக வேகமாக எழும்பித் தாழ்கிறது. விரியும் பக்க இறுக்கத்தை ஒரு படி கூட்டுங்கள். கால் மைல் ஓட்டத்துக்கான ரேடியல் டயரில் (டிராக் ரேடியல்) டிராக்குக்கு 16 முதல் 20 பி.எஸ்.ஐ. சரி, ஆனால் நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன் காற்றை நிரப்பிவிட வேண்டும்.

ஆண்டுகள் போகப் போகத் தெரிபவை வேறு. பாலியூரித்தேன் புஷ் முதல் மழைக்காலத்துக்குப் பிறகு கிறீச்சிடும். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் கிரீஸ் அடித்தால் அமைதியாக இருக்கும், ஒருமுறை மறந்தால் மறுபடி கத்தும். உறையில்லாத ராட் எண்ட் (திருகு முனையுள்ள கோள ஜாயின்ட்), குளிர்காலத்தில் உப்புத் தூவும் மாநிலங்களில் சீக்கிரமே தளர்ந்து மேட்டுப்பள்ளங்களில் டொக் டொக்கென்று தட்டும். உறையிட்ட, கிரீஸ் அடிக்கும் வசதியுள்ள கோள ஜாயின்ட் கூடுதல் விலைக்குத் தகும். பெட்டியாக மூடிய ஆர்ம்களில் எந்தக் குறையும் வருவதில்லை, உள்ளே நீர் தேங்காமல் அடியில் ஒரு வடிகால் துளை விட்டிருந்தால்.

பிடிமானம் கூடியதும் பலவீனம் வேறிடத்துக்கு நகரும். ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைத் தூக்கி, மேல் ஆர்ம் ஃபிரேமில் சேரும் குறுக்குச் சட்டத்தின் மூலைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, விளக்கடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழை போன்ற துருக்கோடு தெரிந்தால் அது விரிசலின் தொடக்கம். மேல், கீழ் ஆர்ம் பிடிகளை இணைக்கும் ஃபிரேம் தாங்கி இல்லாத வண்டியென்றால் அதை அப்போதே போட்டுவிடுங்கள். கையோடு யுனிவர்சல் ஜாயின்ட்டையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டயர் வழுக்கிய காலத்தில் அதற்கு வராத அடியெல்லாம் இப்போது அதற்குத்தான் வருகிறது.