பால் சொசைட்டிக் கணக்கு: எஸ்க்யூஎல் எழுதுவதா, ஏஐயிடம் கேட்பதா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் காலையும் மாலையும் பால் ஊற்றும் குடும்பங்கள் ஏராளம். ஊற்றிய லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), தீவனப் பிடித்தம் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. ஏறியதைக் கேட்டு எடுக்கத்தான் ஆள் இல்லை. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் படித்த பிள்ளைகள் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ‘ஏஐயிடம் தமிழிலேயே கேட்டால் சொல்லிவிடுமே’ என்கிறார்கள். சொல்லும். ஆனால் அது தப்பாகச் சொன்னால் பட்டுவாடாவில் ஒரு வீட்டுக்குப் பணம் குறையும். அதனால் எந்த வழி எதற்குச் சரி என்று பார்த்துவிடுவோம்.

கையால் எழுதும் எஸ்க்யூஎல்

1970இல் ஐபிஎம்மின் எட்கர் காட் அட்டவணைகளாகத் தரவை வைக்கும் முறையை முன்வைத்தார். 1974இல் அதே ஐபிஎம்மின் சேம்பர்லினும் பாய்ஸும் அதற்கொரு கேள்வி மொழியை வெளியிட்டார்கள். அதுதான் இன்றைய எஸ்க்யூஎல். தரவு மாறாதவரை எத்தனை முறை கூட்டச் சொன்னாலும் அதே தொகை வரும். வாரப் பட்டுவாடாவுக்கு இதைவிட்டால் வேறு வழியை நான் ஏற்க மாட்டேன்.

குழியும் உண்டு. தீவனம் வாங்காத உறுப்பினர்களைப் பட்டியலிட, ‘இந்தப் பட்டியலில் இல்லாதவர்’ என்று பொருள்படும் ‘நாட் இன்’ போட்டு எழுதுகிறோம். தீவனப் பதிவில் ஒரே ஒரு வரியில் உறுப்பினர் எண் விடுபட்டு ‘நல்’ (வெற்றிடம்) ஆக இருந்தாலும் போதும், ஒரு பெயர்கூட வராது. பிழைச் செய்தியும் வராது. ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று எழுதினால் தப்பலாம். எஸ்க்யூஎல் எழுத கூகுள் 2024இல் முன்வைத்த பைப் முறை, அட்டவணையில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்குவதால் படிக்கச் சுலபம். ஆனாலும் இந்த ‘நல்’ தொல்லை அதிலும் அப்படியேதான் இருக்கிறது.

ஏஐ எழுதித் தரும் எஸ்க்யூஎல்

ஆய்வாளர்கள் அதிகம் உழைத்திருப்பது இங்கேதான். கேள்வியை எஸ்க்யூஎல் ஆக்கும் திறனைச் சோதிக்க 2018இல் வந்த ஸ்பைடர் தேர்வில் 200 டேட்டாபேஸ்கள் இருந்தன. 2023இல் வந்த பேர்ட் என்ற தேர்வு, அழுக்கான நிஜத் தரவை வைத்துக் கேட்டது. அது வெளிவந்தபோது ஜிபிடி-4 என்ற ஏஐ மாடல் சுமார் 55 சதவீதம் எடுத்தது, மனிதர்கள் சுமார் 93 எடுத்தார்கள். அடுத்து ஸ்பைடர் 2.0, நிறுவனங்களில் புழங்கும் பெரிய டேட்டாபேஸ்களோடு வந்தது. பழைய ஸ்பைடரில் 91 சதவீதம் எடுத்த முறை, அதில் 21தான் தேறியது. இப்போதைய மாடல்கள் முன்னேறியிருக்கின்றன என்றாலும் சறுக்கிய காரணம் மாறவில்லை: அட்டவணையில் எழுதாத, அந்த இடத்து ஆட்களுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

நம் ஊரில் அது எப்படி இருக்கும்? ‘ஓணத்துக்கு முந்தின வாரம் எவ்வளவு பால் வந்தது’ என்று கேட்கிறீர்கள். திருவோணம் 2023இல் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15. ஒரே தேதியை எல்லா வருஷத்துக்கும் போட்டுவிட்டால் ஒப்பீடே பாழ்.

இன்னொன்று, ‘சராசரி ஃபேட் எவ்வளவு?’ ஒருவர் காலையில் 8 லிட்டர் ஊற்றுகிறார், ஃபேட் 3.8. மாலையில் 4 லிட்டர், ஃபேட் 4.4. கேள்வியை அப்படியே எஸ்க்யூஎல் ஆக்கினால் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 4.1 வரும். லிட்டர் கணக்கோடு பார்த்தால் 4.0தான். எஸ்க்யூஎல்லில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை, விடை மட்டும் தப்பு. ஆனால் எழுதிய வரி கண்முன் இருப்பதால், லிட்டரால் பெருக்கவில்லையே என்று விவரம் தெரிந்தவர் பிடித்துவிடலாம். இந்த வழியை நான் ஆதரிப்பது இதற்காகத்தான்.

கணக்கையே ஏஐயிடம் கொடுத்துவிடுவது

இது வேண்டாம். மாடல் கூட்டல் போட்டது சரியா என்று பார்க்க நீங்களும் ஒருமுறை கூட்ட வேண்டும். கேள்விக்குப் பொருத்தமான சில வரிகளை மட்டும் தேடி எடுத்துக் கொடுக்கும் முறையிலும் மொத்தத் தொகை வராது, மிச்ச வரிகளை அது பார்ப்பதே இல்லை. உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண்ணும் கூடவே வெளியே போய்விடக் கூடாது.

வரிக்கு வரி படிக்கச் சொல்வது

புகார்க் குறிப்புகளுக்கு இது அருமை. ஒருவர் ‘வண்டி லேட், பால் திரிஞ்சு போச்சு’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் மலையாளத்தில் ‘வண்டி வைகி’ என்று. ‘லேட்’ என்று தேடினால் இரண்டாவது சிக்காது. லோட்டஸ் போன்ற ஆய்வுக் கருவிகளில் ‘வண்டி தாமதம் பற்றிய வரிகள்’ என்று பொருளைச் சொல்லியே வடிகட்டலாம். வரிக்கு வரி மாடலை அழைத்தால் செலவு ஏறும். அதனால் முதலில் எஸ்க்யூஎல்லில் மாதத்தையும் ரூட்டையும் சுருக்கிக்கொண்டு, மிஞ்சியதை மட்டும் கொடுங்கள்.

ஏஐயிடம் எஸ்க்யூஎல் எழுதி வாங்கும் இரண்டாவது வழியில் இறங்குகிறவர்கள், படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரு லாகினை ஏஐக்குக் கொடுங்கள். ஓணம் தேதிகள், ஃபேட் சராசரிக்கான சூத்திரம், அட்டவணையின் எந்த நெடுவரிசையில் ‘நல்’ இருக்கலாம் என்பதையெல்லாம் ஒரு பக்கம் எழுதி ஒவ்வொரு கேள்வியோடும் சேர்த்து அனுப்புங்கள். அப்புறம், சரிபார்த்த எஸ்க்யூஎல்லைச் சேமித்து வைத்துவிட்டால் அடுத்த வாரம் அதே கேள்விக்கு ஏஐயைத் தேட வேண்டியதில்லை.