அமெரிக்காவில் குடியேற: லிபரல் ஊரா, கன்சர்வேட்டிவ் ஊரா?

வீடு: பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையத்தின் 2014 ஆய்வில், தீவிர லிபரல்களில் (முற்போக்காளர்களில்) 77% பேர் கடையும் பள்ளியும் நடக்கிற தூரத்தில் இருந்தால் சின்ன வீடே போதும் என்றார்கள். தீவிர கன்சர்வேட்டிவ்களில் (பழமைவாதிகளில்) 75% பேருக்கு வீடு பெரிதாக, பக்கத்து வீடு தள்ளி இருக்க வேண்டும். பால் வாங்கக்கூட காரை எடுக்கணும், பரவாயில்லையாம்.

பிள்ளை வளர்ப்பு: லிபரல்கள் இரக்கத்தை முன்னே வைக்கிறார்கள், கன்சர்வேட்டிவ்கள் பக்தியை, கீழ்ப்படிதலை. உழைப்பும் பொறுப்பும் இரண்டு வீட்டிலும் உண்டு. சண்டை டிவியில்தான் அதிகம்.

வரி: லிபரல் பக்கம் சாயும் கலிஃபோர்னியாவில் மாநில வருமான வரி உச்சத்தில் 13.3%. கன்சர்வேட்டிவ் பக்கம் சாயும் டெக்சாஸில் அது அறவே கிடையாது. அங்கே சொத்து வரிதான் கையைக் கடிக்கும்.

தோட்டம், சர்ச் உறவுகள் வேண்டுமானால் டெக்சாஸ் புறநகர். பஸ், நடை என்றால் கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ. இரண்டும் கலந்து வேண்டுமா? ஆஸ்டினைப் பாருங்கள்: டெக்சாஸ் வரி, லிபரல் ஊர்.