மதில் இல்லாத கோட்டையைச் சுற்றி ஒரு காலை: மதுரைக் கோட்டை நடை

பெரியார் பேருந்து நிலையத்தின் அருகில், கடைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் இடையே ஒதுங்கி நிற்கும் கற்கட்டடத்தை முப்பது ஆண்டுகளாகக் கடந்து போய்க்கொண்டிருக்கிறேன். பழைய மதுரைக் கோட்டையின் மேற்கு வாசலில் எஞ்சியது அது என்பதும் எனக்குத் தெரியும். எனினும் அதன் எதிரே அரை மணி நேரம் நின்று பார்த்தது சென்ற மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், உள்ளூர்க் குழு ஒன்று நடத்தும் கோட்டை நடையில் கலந்துகொண்டபோதுதான். ஆளுக்கு 400 ரூபாய். காலை 6 மணிக்குத் தொடங்கி ஏறத்தாழ நான்கு மணி நேரம்.

கண்ணில் படாத கோட்டையைக் காட்டுவது எளிதன்று. அதை வழிகாட்டி வீதிகளைக் கொண்டே செய்துவிடுகிறார். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், நெரிசலில் திணறிய நகரை விரிப்பதற்காக மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முனைந்தார்; இடித்துத் தூர்க்க முன்வந்தவர்களுக்கு அந்த நிலத்தையே கொடுப்பது என்பது அவர் செய்த ஏற்பாடு. அப்பணியில் முன்னின்ற நில அளவையர் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றளவும் வீதிப் பெயர்களாக வாழ, பிளாக்பர்னின் நினைவாக விளக்குத்தூண் நிற்கிறது. மாசி வீதியிலிருந்து மாரட் வீதிக்கும், அங்கிருந்து வெளி வீதிக்கும் நம்மை நடத்திச் சென்று, ‘வெளி வீதி என்றால் எதற்கு வெளியே?’ என்று அவர் கேட்டபோது, பிறந்து வளர்ந்த ஊரில் இக்கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மதில் போய்விட்டது, வாசல்களோ கீழவாசல், தெற்குவாசல் என்று பேருந்து நடத்துனர்களின் குரலில் நாள்தோறும் திறந்துகொண்டிருக்கின்றன.

படைமுகாம் பற்றிய பகுதி அவ்வளவு உறுதியாக இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களின் தளபதியாக உயர்ந்து, மதுரையை ஆண்டு, பின் கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்ற யூசுப்கான், 1763-லும் 1764-லும் இந்தக் கோட்டைக்குள்ளிருந்தே முற்றுகையைத் தாங்கினார். உடனிருந்த பிரெஞ்சுக்காரர் மர்ச்சந்த் முதலியோர் அவரைப் பிடித்துக் கொடுத்தபின், 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். இதுவரை வரலாறு. கயிறு அறுந்ததும், உடல் துண்டாக்கப்பட்டு ஊர் ஊராகப் புதைக்கப்பட்டதும் மக்கள் வழங்கிவரும் கதை. வழிகாட்டி இரண்டையும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போனார். சம்மட்டிபுரம் தர்காவில் அவரது அடக்கத்தின் முன் நிற்கும்போதேனும் எது ஆவணம், எது வழக்கு என்று பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. திருச்சியில் கோட்டைக்கு வெளியே தனியாகக் கண்டோன்மென்ட் என்னும் படைக் குடியிருப்பு எழுந்தது. மதுரையிலோ படை மதிலுக்குள் ஊரோடு ஊராகத் தங்கியது. திருமலை நாயக்கர் மகாலையே சிப்பாய்களின் தங்குமிடமாகப் பயன்படுத்திய காலமும் இருந்தது. மதில் இடிந்த மதுரையில் படைக்கென ஒரு தனிப் பகுதி அடையாளமாக நிலைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். பாளையம் என்ற சொல்லுக்கே படை தங்கும் இடம் என்று பொருள் இருக்க, மதுரையிலுள்ள கான்பாளையம் போன்ற பெயரைத் தொட்டால் இந்தக் கதை தானே விரிந்திருக்கும். மகாலின் தூண்களை வியப்பதில் இருபது நிமிடங்கள் கழிந்தன. சிப்பாய்களுக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது.

மகாலிலிருந்து சம்மட்டிபுரத்துக்கு வேனில் அழைத்துச் செல்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒலிபெருக்கி இல்லாததால் விளக்குத்தூண் சந்தடியில் பின்வரிசைக்குப் பாதி காதில் விழவில்லை. முன்னால் நின்றுகொள்ளுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் போக வேண்டாம்.