கசால்ஸ் வாசித்த பாக்: இரைச்சலோடு இருக்கும் பதிப்பையே வாங்குங்கள்

தனிச் செல்லோவுக்காக (வயலின் குடும்பத்தில் உட்கார்ந்து வில்லால் வாசிக்கும் பெரிய வாத்தியம்) ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய ஆறு தொகுதிகளையும், அதாவது நடன உருப்படிகளைக் கோத்த ஆறு ‘சூட்’களையும், செல்லோ கலைஞர் பாப்லோ கசால்ஸ் வாசித்த பழைய பதிவு இப்போது இரண்டு சிடியாகக் கிடைக்கிறது. தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். மூலப்பதிவு 1936க்கும் 1939க்கும் நடுவே எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனம் எடுத்தது, நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டு, அதில் கரகர இரைச்சல் இல்லாமல் இருக்காது. சில பதிப்புகளில் அந்த இரைச்சலைத் துடைத்து எடுத்துவிட்டு வழவழவென்று ஆக்கியிருக்கிறார்கள், அப்படித் துடைக்கும்போது வில் தந்தியைக் கவ்வும் ஒலியும் கூடவே போய்விடுகிறது. கசால்ஸிடம் நமக்கு வேண்டியதே அதுதான். மூன்றாவது தொகுதியின் ஆரம்பத்தைப் போட்டுப் பாருங்கள். மேலிருந்து படிப்படியாக இறங்கி அடித்தந்தியில் வந்து உட்காரும் அந்த ஸ்வர வரிசையில், இடது கை விரல் தந்தியில் விழும் சின்னத் தட்டல் ஹெட்போனில் கேட்கிறதா? கேட்டால் அது நல்ல பதிப்பு.

இந்த மனிதர் யார் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1876இல் கத்தலோனியாவில் வென்ட்ரெல் என்ற ஊரில் பிறந்தவர், அப்பா தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். செல்லோ கைக்கு வருவதற்கு முன்னால் சுரைக்குடுக்கையில் தந்தி கட்டிய ஒரு வாத்தியத்தில்தான் பையன் வாசித்துக்கொண்டிருந்தான். முறையாகக் கற்க வந்தபோது, அக்குளில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு அது விழாமல் வில்லை ஓட்டு என்பதுதான் அன்றைய பாடம். அதை உதறிவிட்டுக் கையைத் தாராளமாக வீசி வாசிக்கத் தொடங்கினார், இன்றைக்குச் செல்லோ வாசிக்கிற எல்லோரும் அந்த வழியில்தான் வருகிறார்கள். 13 வயதில் அப்பாவோடு போன இடத்தில், பார்சலோனாவில் ஒரு பழைய இசைப்பிரதிக் கடையில் இந்த ஆறு தொகுதிகளும் அகப்பட்டன. அதுவரை இவற்றைப் பெரும்பாலும் பயிற்சிப் பாடமாகத்தான் பார்த்தார்கள், மேடையில் வாசித்தாலும் ஒன்றிரண்டு உருப்படியோடு சரி. கசால்ஸ் 12 வருஷம் வீட்டில் சாதகம் செய்த பிறகுதான் ஒரு தொகுதியை முழுசாக மேடையில் வாசித்தார். பதிவுக்குச் சம்மதித்ததோ அறுபதை நெருங்கியபோது.

ஒன்று முதல் ஆறு வரை வரிசையாகக் கேட்காதீர்கள். பதிவான வரிசையில் கேளுங்கள்: இரண்டு, மூன்று, ஒன்று, ஆறு, நான்கு, ஐந்து. 1936 ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அன்று மாலை பார்சலோனாவில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்கு கசால்ஸ் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார், கச்சேரி ரத்து, உடனே கலைந்து போங்கள் என்று செய்தி வந்தது, கலைவதற்கு முன்னால் கடைசிப் பகுதியை எல்லோரும் சேர்ந்து வாசித்தும் பாடியும் முடித்தார்கள். நாலு மாதம் கழித்து லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பதிந்தவைதான் இரண்டும் மூன்றும். ஒன்றும் ஆறும் 1938இல் பாரிஸில். நான்கும் ஐந்தும் 1939 ஜூனில், அதுவும் பாரிஸில்தான், அதற்குள் பார்சலோனா விழுந்து கலகப் படைத் தளபதி பிராங்கோ ஜெயித்துவிட்டார், அவரை எதிர்த்த கசால்ஸ் ஊர் திரும்ப முடியாதவர். ஐந்தாவது தொகுதியின் சரபாந்தில் (மெதுவான நடன உருப்படி) ஒரு கூட்டுஸ்வரம்கூட, அதாவது பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் இடம்கூடக் கிடையாது, ஒற்றை இழையாகவே போகும். அதை இவர் ஒவ்வொரு ஸ்வரமாகக் காலை ஊன்றி ஊன்றி நடப்பது போல வாசிக்கிறார். போர்தான் அந்த வில்லில் இறங்கியிருக்கிறது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் 1936இன் மூன்றாவது தொகுதியைக் கேட்ட கையோடு இதைக் கேட்டால் அதே ஆள்தானா என்று இருக்கும். இந்த ஒரு உருப்படிக்காகவே முழுத் தொகுப்பையும் வாங்கலாம்.

குறைகளும் உண்டு. ஆறாவது தொகுதி ஐந்து தந்தி வாத்தியத்துக்கு எழுதியது, இவர் நாலு தந்தியில் வாசிக்கிறார், மேல் ஸ்தாயியில் ஆங்காங்கே சுருதி நெருடுகிறது. நடன உருப்படிகளில் தாளத்தை இழுத்தும் நெருக்கியும் போவது இன்றைய காதுக்கு அதிகமாகத் தோன்றலாம். அன்றைய முறைப்படி மூன்றரை, நாலு நிமிஷத் தட்டில் வெட்டி ஒட்ட வழியில்லை, ஒன்று பிசகினால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும், அதனால் சில இடங்களில் பிசிறையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். எனக்கு அது இடைஞ்சலாகவே இல்லை. தெளிவான ஒலியும் லேசான நடையும்தான் வேண்டும் என்றால் பரோக் செல்லோவில் (பாக் காலத்துப் பழைய பாணி செல்லோ) ஆனர் பில்ஸ்மா வாசித்ததை வாங்குங்கள், அது வேறு அழகு.

அப்புறம், கூட வரும் சிறுபுத்தகத்தில் ஒவ்வொரு தொகுதியும் எந்த ஆண்டு, எந்த ஊரில் பதிவானது என்று இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் கேட்பவர்களுக்கு அந்தத் தகவல் பெரும்பாலும் கிடைப்பதில்லை, வெறும் எண் வரிசைதான் வரும். மேலே சொன்ன வரிசையில் நீங்களே ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.